பட்டி பூசாத தகரம்

கார் பந்தயம் என்றாலே டிங்கருக்குக் குமட்டும். எட்டு வருஷமாக அதில்தான் வேலை பார்க்கிறார் என்பது வேறு விஷயம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்துக்குள் நுழையும்போதே மூஞ்சி சுருங்கிவிடும். எரிந்த ரப்பர் நாற்றமும் பெட்ரோல் நாற்றமும் அவருக்குப் பழகிப்போனவை, அவற்றின் மேல் அவருக்குப் புகார் கிடையாது. முதலாளிகளின் கூடாரத்திலிருந்து வரும் சென்ட் வாசனைதான் ஆகாது. கையில் கண்ணாடிக் கிளாஸை வைத்துக்கொண்டு, எந்தக் கார் எந்தக் காரை இடித்தது என்று விழுந்து விழுந்து சிரித்துப் பேசுகிற கூட்டம் அது. ஒருவரை ஒருவர் அழகாக முந்தினால் கொட்டாவி விடுவார்கள். ஒரு கார் சுழன்று போய்ச் சுவரில் மோதினால் எழுந்து நின்று கை தட்டுவார்கள். அந்தப் பக்கம் பார்த்து ஒரு தடவை துப்பிவிட்டுத்தான் டிங்கர் பெட்டியைத் திறப்பார்.

ரோட்டில் ஓடுகிற சாதாரணக் கார்கள்தான் இந்தப் பந்தயத்தில் ஓடுகின்றன. உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, ஓட்டுகிறவருக்கு ஒரு சீட்டும் சுற்றிலும் இரும்புக் கம்பிக் கூண்டும் வைத்து அனுப்புவார்கள். கூரையும் கதவும் உள்ள கார்கள் என்பதால் உரசலும் முட்டலும் சகஜம். வருஷத்தில் எட்டு ஞாயிறு, ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு பந்தயம். பதினாறையும் கூட்டிப் பார்த்து யாருக்குப் புள்ளி அதிகமோ அவர் சாம்பியன். முதல் பந்தயத்துக்கும் இரண்டாவதற்கும் நடுவில் ஐம்பது நிமிஷம் விடுவார்கள். நசுங்கி வந்த காரை அதற்குள் ஓடுகிற மாதிரி ஆக்குவதுதான் டிங்கரின் வேலை.

மற்ற கூடாரங்களில் இதற்குச் சுலபமான வழி வைத்திருந்தார்கள். சக்கரத்தின் மேல் மூடியிருக்கும் தகரமான ஃபெண்டர் நசுங்கினால் அதைக் கழற்றி மூலையில் கடாசிவிட்டு, தயாராக இருக்கும் வேறொன்றை மாட்டிவிடுவார்கள். அவசரத்துக்குப் பட்டி என்கிற பசையைப் பூசித் தேய்த்துப் பள்ளத்தை மூடுகிறவர்களும் உண்டு. இரண்டையும் டிங்கர் தொடமாட்டார். "கழட்டி மாட்டறதுக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரிஞ்ச எவன் வேணா போதும்" என்பார். பட்டி பூசுகிறவர்களைப் பற்றி அவர் சொல்வதை இங்கே எழுத முடியாது. பின்னால் ஓர் இரும்புக் கட்டியை முட்டுக் கொடுத்து, முன்னால் சுத்தியலால் தட்டித் தட்டி, தகரத்தைப் பழைய இடத்துக்கே வரவைப்பார். நடுநடுவே கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். கண்ணுக்குத் தெரியாத மேடும் கைக்குத் தெரியுமாம். அவர் முடித்த இடத்தில் பெயிண்ட் அடித்துவிட்டால் அங்கே அடிபட்டது என்று பெற்றவர் வந்து சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். அடுத்த கூடாரத்து ஆட்கள் கைவேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வருவார்கள். அப்படிப் பார்க்கிறவர்களைத் திட்டுவார், ஆனால் போகச் சொல்லமாட்டார்.

வார நாட்களில் பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு ஷெட்டில் வேலை. வீடு, நோட்டுப் புத்தகக் கடையின் மாடியில் இரண்டு அறை. மனைவி ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். நாள் முழுக்கக் கண்ணாடிக் குழாய்களைக் கழுவித் துடைத்து அடுக்குகிறவள் என்பதால் வீட்டிலும் ஒரு தம்ளரில் கறை இருக்கவிடமாட்டாள். முன் அறையில் மடக்குக் கட்டில் போட்டுப் படுப்பது அவளுடைய தம்பி. பெற்றவர்கள் போனபிறகு பதினோரு வயதில் ஒரு பள்ளிக்கூடப் பையோடு அக்காவிடம் வந்தவன். இப்போது முப்பத்து நான்கு. டிங்கருக்கும் அவளுக்கும் பிள்ளைகள் இல்லை. அந்தக் குறை அவளுக்கு இருந்ததே இல்லை, ஏனென்றால் தம்பிக்குத் தலை துவட்டி விடுவதிலேயே அவளுடைய இருபது வருஷம் போய்விட்டது.

மச்சினன் டிரைவிங் ஸ்கூலில் வாத்தியார். புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் நாள் முழுக்க "மெதுவா, மெதுவா" என்று சொல்லிச் சொல்லி, தெருவில் அவனுக்கு மெதுவா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அப்படிப்பட்டவன் ஞாயிற்றுக்கிழமையானால் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு பறப்பான் என்றால் டிரைவிங் ஸ்கூலுக்கு வருகிற அம்மாக்கள் நம்புவதில்லை. அவனைப் பந்தயத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது டிங்கர்தான். முதலாளிக்கு இரண்டாவது காரை ஓட்ட ஆள் தேவைப்பட்டபோது, "நம்ம வீட்டுலயே ஒருத்தன் இருக்கான்" என்று வாயைத் திறந்தார். அதற்குப் பிறகு அவர் மனைவி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

முதலாளி குளியலறைக் குழாயும் பீங்கானும் விற்று ஆளானவர். முதல் காரை ஓட்டுவது அவர் மகன், எல்லாருக்கும் சின்னவர். இரண்டு காரும் ஒரே சிவப்பு, ஒரே ஸ்டிக்கர், கதவில் உள்ள எண் மட்டும்தான் வேறு. இரண்டாவது காரின் வேலை என்ன என்பது டிங்கருக்கு முதல் வருஷமே புரிந்துவிட்டது. சின்னவர் முன்னால் போகவேண்டும், பின்னால் வருகிறவர்களை மச்சினன் மறிக்கவேண்டும். மறித்தும் நிற்காவிட்டால் ஒரு தட்டு. அந்த உத்தரவு காதில் மாட்டியிருக்கும் கருவி வழியாக முதலாளியின் குரலில் வரும். வெளியே யாருக்கும் கேட்காது.

இந்த வருஷம் அந்த உத்தரவு அடிக்கடி வந்தது. காரணம் ஒரு பல் டாக்டர். நாற்பத்தைந்து வயது அம்மாள், சொந்தக் காசில் ஒரு மஞ்சள் காரை வைத்துக்கொண்டு, இரண்டே ஆட்களோடு வந்து சின்னவரைப் பந்தயத்துக்குப் பந்தயம் தோற்கடித்தார். இரண்டாவது ஞாயிறு மச்சினன் அவர் காரைத் தட்டினான். ஐந்தாவது ஞாயிறு இன்னொரு தட்டு. இரண்டு தடவையும் நடுவர்கள் அவன் லைசென்ஸில் ஒரு கறுப்புப் புள்ளி வைத்தார்கள். மூன்றாவது புள்ளி விழுந்தால் இரண்டு வருஷத் தடை. அது மட்டும் என்றால் பரவாயில்லை. ஆபத்தாக ஓட்டுகிறவர் என்று போக்குவரத்து அலுவலகத்துக்கும் கடிதம் போகும். அப்படிக் கடிதம் போன ஆளை எந்த டிரைவிங் ஸ்கூல் வைத்துக்கொள்ளும்? மெதுவா மெதுவா என்று சொல்லிப் பிழைக்கிறவனுக்கு அந்த வேலையை விட்டால் வேறு எதுவும் தெரியாது.

"முதலாளி சொன்னா இடிச்சுடுவியா? உனக்கு வெக்கமா இல்ல?" என்று டிங்கர் ஒரு நாள் ஷெட்டில் வைத்துக் கேட்டார்.

"இருக்கு அத்தான். ஆனா அங்க கார் ஓட்டறப்போ மட்டுந்தான் யாரும் என்னை மெதுவான்னு கூப்பிடறதில்ல" என்றான் அவன்.

டிங்கருக்கு அந்தப் பதிலும் அருவருப்பாகத்தான் இருந்தது. வளர்ந்த மனிதர்கள் ஒரு தகரக் கோப்பைக்காக இப்படி அலைகிறார்களே என்று அன்றைக்கு முழுக்க முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஜெயிக்கவேண்டும் என்கிற வெறி ஒரு வியாதி என்பது அவர் கட்சி. அந்த வியாதி தனக்கு இல்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

கடைசி ஞாயிறு வந்தபோது டாக்டர் ஆறு புள்ளி முன்னால் இருந்தார். காலையில் கிளம்பும்போது மனைவி வாசலில் வழிமறித்தாள். தம்பியிடம் அவள் அதிகம் பேசவில்லை, இடிக்கமாட்டேன் என்று தன் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். பிறகு டிங்கரைப் பார்த்தாள். "அவன் லைசென்ஸ் முழுசா வீட்டுக்குத் திரும்பி வரணும். உங்க பொறுப்பு" என்றாள். சுத்தியல் பிடிக்கிறவன் லைசென்ஸை எப்படிக் காப்பாற்றுவது என்று அவர் கேட்க நினைத்தார், அவள் முகத்தைப் பார்த்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

முதல் பந்தயத்தின் கடைசிச் சுற்றில் அது நடந்தது. மஞ்சள் கார் முன்னால், அதன் பின்னால் சின்னவர், மூன்றாவதாக மச்சினன். உத்தரவு மச்சினனுக்கு இரண்டு தடவை வந்ததாம். அவன் காதிலிருந்து கருவியைப் பிடுங்கிக் காலடியில் போட்டுவிட்டான். அவன் வரமாட்டான் என்று தெரிந்ததும் சின்னவர் அந்த வேலையில் தானே இறங்கினார். வளைவில் தன் காரின் இடது முன்பக்கத்தை டாக்டர் காரின் பின்பக்கத்தில் கொண்டுபோய்க் குத்தினார். மஞ்சள் கார் சுழன்றது. சுழன்ற வேகத்தில் அதன் வால், பின்னால் வந்த மச்சினன் காரின் முன்பக்கத்தில் அறைந்துவிட்டு, சரளையில் இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் நசுங்கியது. டாக்டருக்கு மணிக்கட்டு முறிந்தது. வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

சரளையிலிருந்து கிளம்பிய புழுதியில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அந்த வளைவில் கொடியோடு நின்றவர் ஒரு சிவப்புக் கார் இடித்தது என்றார். டாக்டரும் கண்ணாடியில் சிவப்பைத்தான் பார்த்தேன் என்றார். காருக்குள் கேமரா வைக்கிற அளவுக்கு வசதியான பந்தயமும் அல்ல இது. ஆக, இரண்டு சிவப்புக் காரில் எது என்ற கேள்விக்கு மைதானத்தில் ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது. சின்னவர் காரின் இடது ஃபெண்டர்.

அந்த ஃபெண்டர் டிங்கரிடம் வந்தது. முதல் காருக்குத்தான் முதல் வேலை என்பது முதலாளியின் சட்டம், அதனால் இரண்டாவது காரை ஓரமாக நிறுத்திவிட்டு இதை உள்ளே தள்ளினார்கள். டிங்கர் உட்கார்ந்து பார்த்தார். விளக்கு போய்விட்டது. ஃபெண்டர் உள்ளே மடிந்து டயரைத் தொட்டுக்கொண்டிருந்தது. மடிப்பு நெடுக ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சள் பெயிண்ட் அப்பியிருந்தது. 'தானே போய் இடிச்சிருக்கான் நாய்' என்று மனசுக்குள் திட்டினார். வாயில் எச்சில் கசந்தது. முதலாளி தலைக்கு மேல் நின்று, இரண்டாவது பந்தயத்துக்கு முடியாது, கழற்றி வேறு மாட்டிவிடலாம் என்றார். அடுத்த கூடாரத்து டிங்கரும் எட்டிப் பார்த்துவிட்டு, இதை நிமிர்த்த ஒரு நாள் ஆகும் என்று சொல்லிச் சிரித்தான்.

அந்தச் சிரிப்புதான் காரணம் என்று பிறகு அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்த நேரத்தில் காரணம் எதுவும் இல்லை. கை பெட்டிக்குப் போனது, அவ்வளவுதான். இரும்புக் கட்டியை உள்ளே முட்டுக் கொடுத்தார். மடிப்பை முதலில் பிரித்தார், பிறகு ஓரத்திலிருந்து நடுவுக்குத் தட்டிக்கொண்டே வந்தார். அன்றைக்குத் தகரம் அவர் சொன்னபடி கேட்டது. அப்படிக் கேட்கிற நாள் வருஷத்தில் ஒன்றோ இரண்டோதான் வரும். சுற்றிலும் ஆட்கள் கூடுவது காலடிச் சத்தத்தில் தெரிந்தது. பெயிண்டைக் கரைக்கும் தின்னரில் துணியை நனைத்து மஞ்சளை ஒரே இழுப்பில் துடைத்தார், ஏனென்றால் மேலே அழுக்கு இருந்தால் கைக்கு மேடு பள்ளம் தெரியாது. கண்ணை மூடித் தடவினார். இன்னும் நாலு தட்டு. புது விளக்கு, சிவப்பு, ஸ்டிக்கர். நிமிர்ந்தபோது அடுத்த கூடாரத்து டிங்கரே கை தட்டினான்.

இரண்டாவது காரின் பக்கம் அவர் திரும்புவதற்குள் நடுவர்கள் வந்துவிட்டார்கள்.

மூன்று பேர். அவர்கள் பார்த்தது இதுதான்: ஒரு சிவப்புக் கார் ஷோரூமிலிருந்து இறக்கினதுபோல் நிற்கிறது. இன்னொரு சிவப்புக் காரின் முன்பக்கம் நசுங்கி, அதில் மஞ்சள் பெயிண்ட் அப்பியிருக்கிறது. அதை ஓட்டியவனுக்கு ஏற்கெனவே இரண்டு கறுப்புப் புள்ளி, இரண்டும் அதே டாக்டரை இடித்ததற்கு. முதலாளி உச்சுக் கொட்டினார். எவ்வளவு சொன்னாலும் இந்தப் பையன் கேட்பதில்லை என்று வருத்தப்பட்டார். பையனுக்கு முப்பத்து நான்கு வயது. நான் இடிக்கவில்லை என்று மச்சினன் சொன்னதை எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். சின்னவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் டிங்கருக்குத் தன் கையில் இருந்த துணி கண்ணில் பட்டது. மஞ்சளும் சிவப்பும் கறுப்பும் கலந்து சேறாகியிருந்தது. அந்த ஒரு துணியால் காலையிலிருந்து பத்து இடத்தைத் துடைத்திருந்தார், இனி அது எதற்கும் சாட்சியாகாது.

அவர் பேசினார், பேசாமல் இல்லை. தலைமை நடுவரின் முன்னால் போய் நின்று, இடித்தது முதல் கார்தான், மஞ்சள் பெயிண்ட் இதே ஃபெண்டரில் இருந்தது, நான்தான் துடைத்தேன் என்றார். இடித்த தகரமும் இடிபட்ட தகரமும் வேறு வேறு என்று மச்சினன் காரைக் காட்டி விளக்கினார். குத்தியிருந்தால் நேராக உள்ளே மடிந்திருக்கும், இது பக்கவாட்டில் இழுபட்டிருக்கிறது, வால் வந்து அறைந்தால்தான் இப்படி ஆகும் என்றார். நடுவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, ஓட்டியவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார். மச்சினன் என்று சொன்னதும் மற்ற இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேடிக்கை பார்த்த கூட்டத்தில் ஒரு வாயும் திறக்கவில்லை. அவர்கள் எல்லோரும் மஞ்சளைப் பார்த்தவர்கள். ஆனால் வருஷத்துக்கு எட்டு ஞாயிறு முதலாளியோடு முகம் கொடுத்துப் பழகவேண்டியவர்கள். அடுத்த கூடாரத்து டிங்கர் காலடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டான்.

பழைய ஃபெண்டர் எங்கே என்று நடுவர் கேட்டார். இதுதான் பழையது என்றார் டிங்கர். பெயிண்ட் ஈரமாக இருக்கிறதே என்றதற்கு முதலாளி முந்திக்கொண்டு, காலையில் கல் தெறித்துக் கீறல் விழுந்தது, தொட்டுவிடச் சொன்னேன் என்றார். நடுவர் ஒரு சின்னக் கத்தியை எடுத்து ஈரப் பெயிண்டைச் சுரண்டினார். அடியில் பட்டி இருந்தால் அடிபட்ட இடம் என்று ஆகிவிடும். வெறும் தகரம்தான் இருந்தது. இன்னும் இரண்டு இடத்தில் சுரண்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குனிந்து, ஃபெண்டர் முழுவதையும் கையால் தடவிப் பார்த்தார்.

"என்னங்க இது, கம்பெனியில இருந்து வந்த தகரம் மாதிரி இருக்கு. இதுல அடிபட்டுச்சுன்னு நீங்க சொன்னா நான் எப்படி நம்பறது?" என்றார்.

இதைவிடப் பெரிய பாராட்டை டிங்கர் தன் வாழ்நாளில் வாங்கினதில்லை. காறித் துப்பவேண்டும்போல் இருந்தது. யார்மேல் துப்புவது என்று தெரியவில்லை. நேற்றுவரை அந்தக் கணக்கு அவருக்குச் சுலபமாக இருந்தது, கூடாரத்துப் பக்கம் பார்த்துத் துப்பினால் போதும்.

மூன்றாவது கறுப்புப் புள்ளி விழுந்தது. இரண்டு வருஷத் தடை, கடிதம் நாளையே போகும். மச்சினன் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து தலைக்கவசத்தைப் பையில் வைத்தான். "விடுங்க அத்தான், நீங்க உங்க வேலையைத்தானே செஞ்சீங்க" என்றான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று டிங்கர் நினைத்தார். இரண்டாவது பந்தயத்தில் சின்னவர் ஜெயித்து, சாம்பியனும் ஆனார். நுரை பொங்கும் பாட்டிலைக் குலுக்கி எல்லார் மேலும் பீய்ச்சினார்கள். அதில் நாலு சொட்டு டிங்கர் சட்டையிலும் விழுந்தது. அவர் சட்டையைக் கழற்றி அங்கேயே போட்டுவிட்டு, பனியனோடு பஸ் ஏறினார்.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். மனைவிக்கு விஷயம் போனிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. தம்பியைக் கை கால் கழுவச் சொல்லி, சாப்பாடு போட்டாள். அவன் தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்து, முன் அறைக்குப் போய்க் கட்டிலை விரித்தான். டிங்கர் சமையலறை ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார். அவள் தட்டைக் கழுவி, துடைத்து, அடுக்கிவிட்டு, எதிரே வந்து நின்றாள்.

"அந்த மஞ்சளைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"டாக்டரம்மா காரோடதுன்னு தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா துடைச்சீங்க?"

சின்னவர் மேல், முதலாளி மேல், சிரித்தவன் மேல், வாயைத் திறக்காத கூட்டத்தின் மேல் சொல்ல அவரிடம் நிறைய இருந்தது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதைத்தான் அடுக்கிக்கொண்டு வந்தார். அவர் தொடங்குவதற்குள் அவள் வேறொன்று கேட்டாள்.

"எவ்வளவு நேரம் ஆச்சு, அதை நிமிர்த்த?"

"முப்பத்தொரு நிமிஷம்" என்றார் டிங்கர். "பட்டி இல்லாம, அந்த மாதிரி மடிப்பை, இதுவரைக்கும் யாருமே..."

தன் குரலில் இருந்த சந்தோஷம் தன் காதிலேயே விழுந்தபோதுதான் அவர் நிறுத்தினார். முன் அறையில் கட்டில் ஒரு தடவை கிரீச்சிட்டது. அவள் அவரைப் பார்த்தபடியே இரண்டடி பின்னால் போனாள். ஆய்வுக்கூடத்தில் உடைந்த குழாயைத் தொடாமல் விலகுகிறபோது அவள் அப்படித்தான் போவாள். பிறகு தம்பி படுத்திருந்த முன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.